எதிரெதிர் வரிசைகள்: டொயோட்டா, நிசான் கார் வகைகளின் வளர்ச்சி (1955–2002)

ஜப்பானியக் கார் தொழிலின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலையின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் காரை, எந்த அளவில், யாருக்காகச் செய்வது என்ற முடிவுகள் அதில் பின்னுக்குப் போய்விடுகின்றன. டொயோட்டா, நிசான் ஆகிய இரண்டின் மாடல்களையும் அருகருகே நிறுத்தினால், ஒன்றின் கார் மற்றதன் காருக்குப் பதிலாகவே பிறந்திருப்பது தெரியும். அந்த இணைகள் உருவானதையும் குலைந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் வகுத்த எல்லை

போட்டிக்கான களத்தை முதலில் அமைத்தது அரசு. நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர், எஞ்சின் 2000 சி.சி. என்ற வரம்புக்குள் அடங்கும் வண்டியே ‘சிறிய கார்’ என 1960இல் வகுக்கப்பட்டது. வரம்பைத் தாண்டினால் வரிச்சுமை ஏறும். ஆகவே இரு நிறுவனங்களின் பெரிய கார்களும் இதே சட்டகத்துக்குள் நெருங்கி நின்றன. 1955இல் வந்த டொயோட்டா கிரவுனுக்கு எதிராக 1960இல் நிசான் செட்ரிக் இறங்கியது.

கொரோனாவும் புளூபேர்டும்

அதற்கு அடுத்த படியில்தான் மோதல் கடுமையாக இருந்தது. 1957இல் வந்த கொரோனா பெரிதாக எடுபடவில்லை. 1959இல் வந்த நிசானின் புளூபேர்ட் சந்தையைப் பிடித்தது. 1963இல் இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைப்பில் வெளியான இரண்டாம் புளூபேர்டின் சரிந்த பின்பகுதியை ஜப்பானியர் விரும்பவில்லை. அந்த இடைவெளியில் 1964இல் மூன்றாம் கொரோனா வந்தது. புதிதாகத் திறந்திருந்த மெய்ஷின் விரைவுச் சாலையில் 1 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிக் காட்டி, அதன் உறுதியை டொயோட்டா விளம்பரப்படுத்தியது. 1965இல் கொரோனா முந்தியது. இரு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘பி-சி போர்’ என்று ஜப்பானியர் அழைத்தனர்.

1966: நூறு சி.சி. வித்தியாசம்

சாதாரணக் குடும்பத்துக்கான கார் என்று 1961இல் டொயோட்டா கொண்டுவந்த பப்ளிகாவின் விலை 3,89,000 யென். விலையைக் குறைக்க வசதிகளையும் குறைத்ததால் அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. முதல் கார் வாங்குபவருக்கு மலிவு மட்டும் போதாது, பெருமையும் வேண்டும் என்ற பாடம் அதில் கிடைத்தது.

1966 ஏப்ரலில் நிசான் 988 சி.சி. சன்னியை வெளியிட்டது. பெயரையே பொதுமக்கள் போட்டி மூலம் தேர்ந்தெடுத்து, வண்டி வருமுன்பே அதை நாடறியச் செய்திருந்தது. நவம்பரில் வந்த டொயோட்டா கொரோலாவின் எஞ்சின் 1077 சி.சி. விலை சன்னியைவிட ஏறக்குறைய 20,000 யென் கூடுதல். ஆனால் விளம்பரம் அந்த ‘கூடுதல் 100 சி.சி.’யையே முன்னிறுத்தியது. 1970இல் இரண்டாம் சன்னி 1171 சி.சி. எஞ்சினோடு வந்து, பக்கத்து வீட்டுக் கார் சின்னதாகத் தெரிகிறது என்ற பொருளில் பதிலடி விளம்பரம் செய்தது. ஆயினும் 1969இல் கொரோலா பிடித்த முதலிடம் கைமாறவில்லை.

இரட்டிப்பான வரிசை

1966இல் பிரின்ஸ் நிறுவனத்தை இணைத்துக்கொண்டதால் ஸ்கைலைனும் குளோரியாவும் நிசானுக்குக் கிடைத்தன. 1968இல் டொயோட்டாவின் கொரோனா மார்க் 2, நிசானின் லாரல் என இன்னொரு இணை பிறந்தது. இரு நிறுவனங்களும் தனித்தனி விற்பனைக் கிளைகளை வளர்த்தன. ஒவ்வொரு கிளைக்கும் தனி மாடல் தேவைப்பட்டதால், கொரோலாவின் உடன்பிறப்பாக ஸ்பிரின்டர் உருவானது. வரிசை நீண்டதற்கு வாங்குபவரின் தேவையைப் போலவே கிளைகளின் தேவையும் காரணம்.

1989 ஏப்ரலில் பழைய சரக்கு வரி நீங்கி நுகர்வு வரி வந்ததும் பெரிய கார்கள் மீதான தடை தளர்ந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் டொயோட்டாவின் லெக்ஸஸும் நிசானின் இன்ஃபினிட்டியும் எதிரெதிரே கடை விரித்தன. இணைப் பழக்கம் கடல் தாண்டியும் தொடர்ந்தது.

இணைக்கு வெளியே ஒருவர்

ஹோண்டாவிடம் இத்தனை நீண்ட வரிசை இல்லை. 1972இல் வந்த சிவிக் முன்சக்கர இயக்கம் கொண்டது. சன்னி அதற்கு 1981இலும், கொரோலா 1983இலும்தான் மாறின. ஹோண்டாவின் சி.வி.சி.சி. எஞ்சின், வினையூக்கி மாற்றி இல்லாமலே அமெரிக்காவின் கடும் புகை விதிகளை நிறைவேற்றியது. அதன் தொழில்நுட்ப உரிமத்தை டொயோட்டாவே வாங்கியது. கெய் எனப்படும் குட்டிக் கார்கள் நீங்கலாக, 1969 முதல் 33 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கொரோலாவை 2002இல் இறக்கியது ஹோண்டா ஃபிட். அந்த இடத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்ற சன்னி, ஜப்பானில் 2004இல் நிறுத்தப்பட்டது.

முடிவுரை

எதிரியின் காரைப் பார்த்துக் கார் செய்யும் முறை வீணானதல்ல. ஒரு தலைமுறைக்குள் ஜப்பானியக் குடும்பக் காரின் ஆற்றலும் வசதியும் விரைந்து உயர்ந்ததற்கு அந்த முட்டிமோதலே முதற்காரணம். ஆனால் அது இருவர் பார்வையையும் ஒரே படிக்கட்டில் கட்டிப்போட்டது. எனவே ஒரு நிறுவனத்தின் வரிசையை மதிப்பிட, போட்டியாளரின் எத்தனை கார்களுக்கு அது பதில் வைத்திருக்கிறது என்று எண்ணினால் போதாது. போட்டியாளர் எண்ணிப் பாராத தேவை எதை அது நிறைவேற்றியது என்பதே சரியான அளவுகோல்.