ஞானப்பாட்டும் கீர்த்தனையும்

மார்கழிக் குளிர் இறங்கும் நாள்களில், வடபுலத்து நகரங்களில் தமிழர் வாழும் குடியிருப்புகளில் ஓர் இனிய காட்சியைக் காண்கிறோம். கம்பளி போர்த்த சிறு கூட்டமொன்று ஆர்மோனியத்தையும் கஞ்சிராவையும் சுமந்து, வீடு வீடாகச் சென்று, இயேசுபிரானின் பிறப்பைப் பாடுகிறது. கீத பவனி என்பது அதன் பெயர். கதவைத் திறப்பவர் திருநீறணிந்தவராயினும், திருமண் இட்டவராயினும், பாட்டு முடியும்வரை நின்று கேட்கிறார். தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் சிறுவர்க்குத் தின்பண்டமும் வழங்குகிறார்.

அப்பாடல்களைக் கூர்ந்து கேட்போர், அவற்றில் இருவகை இசை இருத்தலை உணர்வர். ஒன்று மேலைநாட்டு மெட்டில் அமைந்தது. மற்றொன்று பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளோடு, இராகமும் தாளமும் பெற்றுச் செல்வது. முன்னதை ஞானப்பாட்டு என்றும், பின்னதைக் கீர்த்தனை என்றும் வழங்குவர். இன்று இரண்டும் ஒரே வாயில் இயல்பாக ஒலிக்கின்றன. ஆயினும், கீர்த்தனைக்காக வாதாடிய புலவர் ஒருவர் தம் பணியையே இழந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். எந்த இசை இறைவன் திருமுன் ஒலிக்கத் தகுதியுடையது என்னும் வினா, தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் இருமுறை எழுந்த வினா. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-இல் அச்சிட்டு முடித்தார். அவரும் அவர் வழிவந்த செருமானியக் குருமாரும் தம் நாட்டுப் பாடல்களைத் தமிழில் பெயர்த்தனர். ஆனால் மெட்டை மாற்றினாரல்லர். சொல் தமிழாயிற்று, இசை செருமானியமாகவே நின்றது. மெட்டுக்கு இசையக் குறிலை நீட்டியும் நெடிலைக் குறுக்கியும் பாட நேர்ந்தது. பத்தியிற் குறைவில்லை எனினும், தெருவிற் செல்வோன் நின்று கேட்கும் பாட்டாக அஃது அமையவில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் நிலைமை சற்று வேறு. வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியை இயற்றியபோது, தமிழ்க் காப்பிய மரபையே தம் கருவியாகக் கொண்டார். சூசையப்பரின் வரலாறு 3,615 விருத்தங்களில், நாட்டுப் படலம், நகரப் படலம் முதலியவற்றோடு, தமிழ்க் கோலம் பூண்டு வந்தது. எனினும் காப்பியம் கற்றோர்க்குரியது. கல்லாரும் கேட்டு மகிழ இசையும் கூத்தும் வேண்டியிருந்தன. அவற்றைத் தந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

இவர் 1774-இல் திருநெல்வேலியில் வேளாளர் குடியிற் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில், சுவார்ட்சு ஐயர் இவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அதே சுவார்ட்சின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொருவர், பின்னர் மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒருவர் மராத்திய அரச மரபினர், சிவபத்தர். மற்றவர் தமிழ்க் கிறித்தவர். மன்னர் இறுதிவரை மதம் மாறினாரல்லர். ஆயினும் தம் ஆசானிடத்து அவர் கொண்ட அன்பு மாறவில்லை. 1798-இல் மறைந்த சுவார்ட்சுக்கு மன்னர் அமைத்த சலவைக்கல் நினைவுச் சின்னத்தைத் தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இன்றும் காணலாம். மரணப் படுக்கையிலிருக்கும் ஆசானின் கையை மன்னர் பற்றி நிற்கும் கோலம் அதிற் செதுக்கப்பட்டுள்ளது.

அக்காலத் தஞ்சை இசைக்கும் நாட்டியத்துக்கும் இருப்பிடம். மன்னரைத் தலைவராக வைத்துப் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, பெரிய கோயில் திருவிழாவில் ஆடப்பெற்றது. குறவஞ்சியின் அமைப்பை நாம் அறிவோம். தலைவன் உலா வருவான். தலைவி கண்டு காதல் கொள்வாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். பின்னர்ச் சிங்கன் பறவை பிடிக்க வருவான். இந்த மேடைக் கூத்தைச் சாஸ்திரியார் தம் இருபத்தாறாம் வயதளவில் எடுத்தாண்டு, பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அதில் உலா வரும் தலைவர் கிறித்து பெருமான். காதல் கொள்ளும் தலைவி தேவமோகினி என்னும் திருச்சபை. குறி சொல்பவள் ஞானச்சிங்கி. பறவை பிடித்தல், ஆன்மாக்களை அருளின் வலையிற் சேர்த்தல். கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுகின்றன என்னும் புதிய வானநூற் செய்தியையும் அவர் அக்கூத்தில் வைத்துப் பாடினார். மறையுரையும் அறிவியற் பாடமும் ஒரே மேடையில், தமிழர்க்குப் பழகிய தாளத்தில் வந்தன. மாணவர் குழுவோடு பல ஊர்களுக்குஞ் சென்று பாடியும் விரிவுரைத்தும் வந்த இவரைச் சுவிசேட கவிராயர் எனக் கிறித்தவர் போற்றினர்.

1820-களில் காற்று திசைமாறியது. சுவார்ட்சின் காலத்துக் குருமார் மறைந்து, புதியவர் வந்தனர். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதையும், விழா நாள்களில் மலர் அணி செய்வதையும் அவர்கள் விலக்க முற்பட்டனர். பழகிய வேத மொழிபெயர்ப்பையும் மாற்ற எண்ணினர். சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கத்தையும் ஒழிக்க முனைந்தனர். இந்நான்கையும் கொடுமைகள் எனக் கண்டித்துச் சாஸ்திரியார் எழுதினார்.

இங்கு நாம் நடுவுநிலையோடு நோக்கல் வேண்டும். மலரும் பாட்டும் மண்ணின் மணம். அவற்றை விலக்கியது குருமாரின் பிழை. ஆனால் உடன்பிறந்தாராகிய பறையர் மக்களோடு ஒன்றாக அமர மறுத்ததையும் சாஸ்திரியார் அதே மூச்சில் பழக்கம் எனக் காத்து நின்றாரே, அதனை எங்ஙனம் போற்றுவது? தெருவில் எல்லாரையும் அழைத்த பாட்டு, ஆலயத்துள் தனித்தனிப் பாயில் அமர்ந்து கேட்கப்பட்டது. பண்பாடு என்னும் ஒரே சொல்லால் பூவையும் மூடலாம், முள்ளையும் மூடலாம் என்பதற்கு இது சான்று. ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் திருச்சபையுள் சாதி வேற்றுமை கூடாதெனத் திட்டவட்டமாக ஆணையிட்டார்.

1829-இல் சாஸ்திரியார் பணியினின்று நீக்கப்பட்டார். அவரைத் தாங்கியவர் யார்? சபையல்ல, சிவபத்தரான சரபோஜி மன்னரே அவரை அரசவைப் புலவராக ஏற்றார். கிறித்துவைப் பாடிய புலவனுக்குச் சோறிட்டவர் பிற சமயத்து மன்னர் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி. கலையின் வழி சென்ற மறைப்பணி அம்மன்னரை மதம் மாற்றவில்லை, நண்பராக்கியது.

காலம் விடை தந்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்னும் குரு, மக்கள் உள்ளம் தோய்ந்து பாடுவது கீர்த்தனையையே என உணர்ந்தார். எண்பதை நெருங்கிய சாஸ்திரியாரிடம் பாடல்களைப் பெற்று, அவற்றை முறையாகக் கற்று, 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். ஒரு தலைமுறைக்கு முன் விலக்கப்பட்டது, இப்போது நூலாகி ஆலயத்துள் வந்தது. 1864-இல் கண் மூடுமுன் புலவர் அதனைக் கண்டார்.

இசையைப் பெற்றவர்கள் இசைக்குத் திருப்பியும் தந்தனர். தஞ்சையில் வாழ்ந்த கிறித்தவரான ஆபிரகாம் பண்டிதர், 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் பொருட்செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். பல சமய வித்துவான்களும் அங்கு வந்து சுருதி பற்றி வாதிட்டனர். 1917-இல் வெளிவந்த அவரது கருணாமிர்த சாகரம், தமிழிசை ஆராய்ச்சிக்குப் பெருங்கருவூலம்.

ஆயினும் ஒரு கணக்கு தீராமலே இருந்தது. கீர்த்தனை ஆலயத்துள் இடம் பெற்றபின், அதுவே உயர்ந்தோர் இசை என்னும் மதிப்பைப் பெற்றது. சேரியிலும் வயலிலும் பிறந்த பாட்டும், பறை முழக்கமும் வாயிலுக்கு வெளியே நின்றன. பறையைத் தீட்டெனக் கருதியவர் தேவாலயங்களிலும் இருந்தனர். இந்நிலையை எதிர்த்தவர், மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005). வழிபாடு முழுவதையும் கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். பறையையும் வழிபாட்டில் ஒலிக்கச் செய்தார். எல்லாரும் ஒரே உலைச் சோற்றைப் பகிர்ந்துண்ணும் வாழ்வே இறையாட்சி என்பது அவர் கண்ட நெறி. சாஸ்திரியார் மேலைநாட்டு மெட்டை நோக்கிக் கேட்ட வினாவை, ஒன்றரை நூற்றாண்டு கழித்து அப்பாவு கீர்த்தனையை நோக்கிக் கேட்டார். முன்னவர் விட்ட குறையைப் பின்னவர் நிறைவு செய்ய முற்பட்டார் என்றே நாம் கொள்கிறோம்.

இவ்வரலாற்றை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்துள்ள நமக்கும் இவ்வினா புதிதன்று. நம் பிள்ளைகள் பிறமொழிப் பள்ளியிற் பயில்கின்றனர். பொங்கல் விழா மேடையில் எதைப் பாடுவது என ஆண்டுதோறும் நாமும் வாதிடுகிறோம். மேடையில் யாருடைய பாட்டு ஏறுகிறது, யாருடையது வெளியே நிற்கிறது என எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கும் உண்டு.

வரும் மார்கழியில் கீத பவனியினர் நம் வாயிலில் வந்து நிற்பர். ஞானப்பாட்டும் பாடுவர், கீர்த்தனையும் பாடுவர். கிராமிய மெட்டொன்றும் சேருமாயின் இன்னும் நன்று. கதவைத் திறந்து, பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி, முழுவதும் கேட்போமாக.