யாருமற்ற ஜனாஸாவின் பின்னே நடந்தவர்கள்

ஒரு முஸ்லிம் இறந்துவிட்டால் அவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்தி, அடக்கம் செய்வது அவ்வூர் முஸ்லிம்கள் அனைவர்மீதும் கடமையாகும். சிலர் அதை நிறைவேற்றிவிட்டால் ஏனையோர் பொறுப்பிலிருந்து நீங்குவர். ஒருவருமே நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாவர். மார்க்கச் சட்ட அறிஞர்கள் இதனை ஃபர்ளு கிஃபாயா என்பர். அந்தச் 'சிலர்' இன்னார்தாம் என்று சட்டம் பெயர் குறிப்பிடவில்லை. யாரேனும் தாமே முன்வந்தாக வேண்டும்.

உறவும் வசதியும் உள்ளவரின் ஜனாஸாவுக்குக் கூட்டம் தானே கூடிவிடும். யாருமற்றவரின் சந்தூக்கைச் சுமப்பது யார்? அமெரிக்கச் சமூகம் தன் படைவீரர்களின் அடக்கத்தில் இதே கேள்வியை எதிர்கொண்டது. அதற்கு அங்கே கிடைத்த விடையை நாமும் அறிந்துகொள்வது பயனுடையது.

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில், ஆர்லிங்டன் தேசிய மையவாடி அமைந்துள்ளது. உள்நாட்டுப் போரின்போது, 1864ஆம் ஆண்டு உருவானது அது. அங்கே அடக்கப்படும் வீரருக்கு அரசு எக்குறையும் வைப்பதில்லை. தேசியக் கொடி போர்த்திய பேழை, அணிவகுப்பு, துப்பாக்கி மரியாதை, இறுதியில் எக்காளத்தின் சோக இசை என யாவும் முறைப்படி நடைபெறும். ஆயினும் 1948ஆம் ஆண்டு, விமானப்படைத் தலைமைத் தளபதி ஹாய்ட் வாண்டன்பெர்க்கின் மனைவி கிளாடிஸ் வாண்டன்பெர்க் அம்மையார் அங்கே ஒரு குறையைக் கண்டார். சில வீரர்களின் அடக்கத்தில் மதகுருவையும் கடமைக்கு வந்த படையினரையும் தவிர வேறெவரும் இல்லை. பெற்றோரோ மனைவியோ நண்பரோ இல்லாத அடக்கங்கள் அவை.

அன்று முதல் அவர் தாமே சென்று நிற்கத் தொடங்கினார். ஒருவரால் இயலாதபோது மற்ற அதிகாரிகளின் மனைவியரையும் துணைக்கு அழைத்தார். 'ஆர்லிங்டன் பெண்மணிகள்' என்னும் தன்னார்வக் குழு இவ்வாறு பிறந்தது. 1970களில் தரைப்படைக்கும், 1985இல் கடற்படைக்கும் இத்தகைய குழுக்கள் அமைந்தன. இன்றும் மழையானாலும் பனியானாலும் அப்பெண்மணிகளுள் ஒருவர் கபரின் அருகே நிற்கிறார். குடும்பத்தார் வந்திருந்தால் அவர்களிடம் ஆறுதல் மடலைத் தருகிறார். எவருமே வராதிருந்தால் வந்தவர் என்று சொல்ல அவர் ஒருவராவது இருக்கிறார். எந்த வீரரும் தனியே அடக்கப்படலாகாது என்பதே அவர்களின் ஒரே நோக்கம்.

அரசின் மரியாதைக்கும் ஓர் எல்லை உண்டு என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலும் தெளிவாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற தலைமுறை முதுமையடைந்து, நாள்தோறும் பெரும் எண்ணிக்கையில் மறைந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் வீரரின் அடக்கத்துக்கும், குடும்பத்தார் கோரினால், சீருடையணிந்த இருவரேனும் வரவேண்டும் என்று வகுத்தது. கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பதும், எக்காள இசை ஒலிக்கச் செய்வதும் அவர்கள் பணி. ஆனால் அத்தனை அடக்கங்களுக்கும் எக்காளம் ஊதுவோருக்கு எங்கே போவது? பதிவுசெய்த இசையை ஒலிக்கவும் சட்டம் இடமளித்தது. பின்னர், உள்ளே மின்னணுக் கருவி பொருத்திய எக்காளமும் வந்தது. ஊதுபவர் போல ஒருவர் அதை உதட்டில் வைத்து நின்றால் போதும். பதிவுசெய்த இசை ஒலிப்பதைப் பொறுக்காத இசைக்கலைஞர்கள் அதே 2000ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்பை நிறுவி, மெய்யாகவே எக்காளம் ஊதத் தெரிந்த தன்னார்வலர்களை அனுப்பலாயினர். பள்ளி மாணவரும் முதியவரும் அதில் இணைந்தனர்.

2005ஆம் ஆண்டில் வேறொரு சோதனை எழுந்தது. கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் தேவாலயம் என்னும் சிறு குழுவினர், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மாண்ட வீரர்களின் அடக்கம் நடக்கும் இடங்களுக்கு வந்து, இம்மரணங்கள் நாட்டின் பாவங்களுக்கு இறைவன் தந்த தண்டனை என்று பதாகை ஏந்தி முழங்கினர். மகனை இழந்த தாயின் செவியில் விழும் சொற்கள் அவை. சட்டத்தால் அவர்களை முற்றிலும் தடுக்க இயலவில்லை. 2011ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றமும், அந்தப் பேச்சு புண்படுத்துவதாயினும் பேச்சுரிமையின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்றே எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

அதே கான்சாஸில், மோட்டார் சைக்கிள் ஓட்டும் முன்னாள் வீரர்கள் சிலர் வேறொரு வழி கண்டனர். 'பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ்' என்னும் அவர்களின் அமைப்பு விரைவில் நாடெங்கும் பரவியது. குடும்பத்தார் அழைத்தால் மட்டுமே அவர்கள் வருவர். சவ ஊர்திக்கு முன்னும் பின்னும் வண்டிகளில் காவலாகச் செல்வர். பின் கொடிகளை ஏந்தி இருமருங்கும் சுவர்போல் நின்று, இழிசொற்கள் துக்கத்திலிருப்போரின் கண்ணிலும் காதிலும் படாதவாறு மறைப்பர். எதிர்த்துச் சண்டையிடுவதோ ஏசுவதோ அவர்களின் வழியன்று. அதில் சேரக் கட்டணமில்லை. மோட்டார் சைக்கிள் வைத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இறந்தவரிடத்தில் மரியாதை இருந்தால் போதும். நாளடைவில், போரில் மாண்டோருக்கு மட்டுமன்றி, முதுமையில் இயல்பாக இறந்த முன்னாள் வீரர்களுக்கும், உரிமை கோர எவருமற்ற வீரர்களுக்கும் அவர்கள் துணை வரலாயினர்.

இங்கே நம் வாசகர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஈராக் போரை அநீதி என்று கருதும் நாம், அப்போரில் ஈடுபட்ட படையினருக்குச் செய்யப்பட்ட மரியாதையை எவ்வாறு மெச்சுவது?

போரைத் தொடங்கியவர்கள் வேறு. பேழைக்குள் கிடப்பவர் வேறு. அதே ஆர்லிங்டனில் தலைமாட்டில் பிறையும் நட்சத்திரமும் பொறித்த கற்களும் உள்ளன. பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த கேப்டன் ஹுமாயூன் கான் அங்கே உறங்குகிறார். 2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஈராக்கின் பகூபா நகரருகே, முகாமின் வாயிலை நோக்கி ஐயத்துக்குரிய வாகனம் ஒன்று வந்தபோது, தம் கீழுள்ளவர்களைப் பின்னே நிற்கச் சொல்லிவிட்டுத் தாம் முன்சென்றார். குண்டு வெடித்து மாண்டார். போரைப் பற்றிய தீர்ப்பு எதுவாயினும், அந்தப் பெற்றோரின் துக்கத்துக்கு அருகே நிற்பது மனிதக் கடமையே.

இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். ஒருமுறை அவர்களைக் கடந்து ஒரு ஜனாஸா சென்றபோது எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதரின் ஜனாஸா என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் வினவினார்கள். பிற்காலத்தில் காதிஸிய்யாவில், ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி), கைஸ் இப்னு ஸஅத் (ரலி) ஆகிய இரு தோழர்களும் முஸ்லிமல்லாத ஒருவரின் ஜனாஸாவுக்கு எழுந்து நின்று, இந்நிகழ்வையே சான்றாக எடுத்துரைத்தனர். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இது பதிவாகியுள்ளது.

பள்ளிவாசலைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த ஏழை ஒருவர் இறந்தபோது, அது பெரிதுபடுத்தத்தக்க செய்தியன்று எனக் கருதியோர் நபியவர்களிடம் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டனர். அதை அறிந்த நபியவர்கள் கபரைக் காட்டச் சொல்லி, அங்கேயே சென்று தொழுதார்கள். ஜனாஸாத் தொழுகையில் பங்கேற்பவருக்கு ஒரு கீராத் நன்மையும், அடக்கம் முடியும்வரை உடனிருப்பவருக்கு இரு கீராத் நன்மையும் உண்டென்றும், ஒவ்வொன்றும் மலையளவு பெரிதென்றும் அறிவித்தார்கள். அந்த நன்மைக்கு, இறந்தவர் புகழுடையவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை.

இப்பண்பு நம்மிடம் அற்றுப்போய்விடவில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில், கொரோனாவால் இறந்தோரை உறவினரே நெருங்க அஞ்சிய நாட்களில், தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் தன்னார்வலர்கள் முன்வந்து, எல்லாச் சமயத்தவரின் உடல்களையும் அவரவர் முறைப்படி இறுதிப் பயணம் அனுப்பிவைத்தனர். பெருந்துயரின்போது விழித்த அந்த உணர்வு, சாதாரண நாட்களிலும் விழித்திருக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் முதியவர், பிழைப்புக்காக நம் ஊருக்கு வந்து இறந்த தொழிலாளி, அரசு மருத்துவமனையில் உரிமை கோருவாரின்றிக் கிடக்கும் மையித்து ஆகியோருக்காக ஒவ்வொரு மஹல்லாவிலும் அழைத்தவுடன் வரும் பத்து இளைஞர்களின் பட்டியல் ஜமாஅத்தின் கையில் இருக்கட்டும். பெற்றோர் தம் பிள்ளைகளைத் தெரிந்தவர் வீட்டு ஜனாஸாவுக்கு மட்டுமன்றித் தெரியாதவரின் ஜனாஸாவுக்கும் அழைத்துச் செல்லட்டும்.

கிளாடிஸ் அம்மையார் ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. வெறுமையாய்க் கிடந்த கபரருகே சென்று நின்றார், அவ்வளவே. நம் ஊர் மையவாடியிலும் அத்தகைய வெற்றிடம் உண்டு. அதை நிரப்பும் 'சிலருள்' நம்மையும் நம் சந்ததியரையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக. ஆமீன்.