குவாக்கமோலே

குவாக்கமோலே என்பது பழுத்த வெண்ணெய்ப்பழத்தை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து, அடுப்பில் ஏற்றாமலே செய்யப்படும் மெக்சிகோ நாட்டுத் துவையலாகும். தமிழ்நாட்டில் இது நகரத்து உணவகப் பண்டமாகவே அறியப்படுகிறது. ஆனால் பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் ஒருவர் இதை வீட்டில் செய்ய முற்பட்டால், வெளியூரிலிருந்து வரவேண்டியது பழம் ஒன்றுதான். அதுவும் கடல் கடந்து வரவேண்டியதில்லை.

பெயர்

ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் ‘அவாகட்ல்’ என்பது பழத்தையும் ‘மோல்லி’ என்பது அரைத்துச் செய்யும் குழம்பையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்த சொல் ஸ்பானியர் நாவில் குவாக்கமோலே ஆயிற்று. ஆங்கிலேயர் இப்பழத்தை ‘அலிகேட்டர் பேர்’, அதாவது முதலைப் பேரிக்காய் என்றும் அழைத்தனர். சிங்களத்தில் இது ‘அலிபேர’. அம்மொழியில் அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. இலங்கைத் தமிழர் இதை ஆனைக்கொய்யா என்கின்றனர். முதலை யானையாக மாறிய வழி இதுவே எனக் கொள்ளலாம். தமிழ்நாட்டுச் சந்தைகளில் வழங்கும் பெயர் பட்டர் ஃப்ரூட்.

வரலாறு

மெக்சிகோவின் புவெப்லா பகுதிக் குகைகளில் ஏறத்தாழ 9,000 முதல் 10,000 ஆண்டுகள் பழமையான வெண்ணெய்ப்பழ எச்சங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியரில் இதை முதலில் எழுத்தில் பதிந்தவர் மார்ட்டின் பெர்னாண்டஸ் டி என்சிசோ. இன்றைய கொலம்பியாவின் சாந்தா மார்த்தாவில் கண்ட இப்பழத்தின் உட்சதை வெண்ணெய் போன்றது என்று 1519இல் அவர் குறித்தார். தமிழ்ப் பெயரும் அதே ஒப்புமையில் அமைந்தது வியப்பன்று. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், இப்பழத்தைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தட்டில் அடித்துத் தின்னும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். பாலும் சர்க்கரையும் சேர்த்து உண்ணும் நம் வழக்கத்துக்கு அது தொலைவில் இல்லை.

ஆஸ்டெக் மக்களின் துவையலில் வெங்காயமோ கொத்தமல்லியோ எலுமிச்சையோ இருந்திருக்க முடியாது. மூன்றும் பழைய உலகத்துப் பயிர்கள். 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் எலுமிச்சை இன விதைகளைக் கொண்டுசென்றார். மற்றவையும் ஸ்பானியர் வழியே சென்றன. எதிர்த்திசையில் மிளகாய் போர்ச்சுகீசியரால் இந்தியாவுக்கு வந்தது. தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே.

பச்சைமலை அடிவாரத்தில் அமைந்து, மரச் சிற்பங்களுக்காக 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் இக்கலப்பைக் கண்ணால் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்தின் பெயர்பெற்ற பயிர்கள் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும். ஒன்று பழைய உலகத்தது, மற்றது தென் மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பண்படுத்தியது. மெக்சிகோவில் இத்தானியத்தில் சுட்ட ரொட்டியுடன்தான் குவாக்கமோலே உண்ணப்படுகிறது. இங்கோ அது பெரும்பாலும் கோழித் தீவனமாகிறது. மக்காச்சோளத்தையும் மிளகாயையும் யாரும் அயல்நாட்டுப் பொருளாக எண்ணுவதில்லை. அவற்றின் ஊர்க்காரனான வெண்ணெய்ப்பழம் மட்டும் இன்னும் விருந்தாளியாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டில்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக இம்மரம் இந்தியாவுக்கு வந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் கூறும். கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களில் ஊடுபயிராக வளர்கிறது. சேர்வராயன் மலையிலும் நீலகிரிச் சரிவுகளிலும் உண்டு. தடியன்குடிசையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற இரகத்தை வெளியிட்டது. இருந்தும் நகரக் கடைகளில் தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வரும் ஹாஸ் இரகத்துக்கே மதிப்பு அதிகம். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் 1935இல் காப்புரிமை பெற்ற இரகம் அது. பழுத்தால் அதன் தோல் கறுக்கும். நம் மலைப்பழங்களில் பல பழுத்தும் பச்சையாகவே இருக்கும். கறுக்கட்டும் என்று காத்திருந்து அழுகவிட்டு, நாட்டுப் பழம் மட்டம் எனக் குறை கூறுவோர் பலர். இது பழத்தின் குற்றமன்று.

செய்முறை

இக்காய் மரத்தில் பழுப்பதில்லை, பறித்த பின்னரே பழுக்கும். வாழைப்பழத்துடன் காகிதத்தில் சுற்றி வைத்தால் விரைவில் பழுக்கும். காம்புப் பக்கம் அழுத்தினால் இலேசாக இடங்கொடுக்க வேண்டும்.

மெக்சிகோவில் இதற்கு மூன்று கால்கள் கொண்ட எரிமலைக் கல் உரல் உண்டு. அம்மி இருக்கும் வீட்டில் அதற்குக் குறையில்லை. இரண்டு பழத்துக்கு நான்கைந்து சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், உப்பு ஆகியவற்றை முதலில் நசுக்கி, பிறகு சதையைச் சேர்த்து ஒன்றிரண்டாக மசிக்க வேண்டும். மிக்சியில் அரைத்தால் கூழாகிவிடும். கடைசியில் அரை மூடி எலுமிச்சைச் சாறும் நறுக்கிய கொத்தமல்லியும். விரும்பினால் விதை நீக்கிய தக்காளி. தோசைக்கும் சப்பாத்திக்கும் பொருந்தும்.

காற்றுப்பட்டால் சதையிலுள்ள நொதி வேலைசெய்து நிறம் கறுக்கும். எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும். கொட்டையைத் துவையலில் போட்டுவைத்தால் கறுக்காது என்பது தவறான நம்பிக்கை. கொட்டை மூடிய இடம் மட்டுமே தப்பும். மேற்பரப்பில் ஒட்டும்படி வாழையிலைத் துண்டால் மூடி, அன்றைக்கே உண்டுவிடுவது நல்லது.