வேலூரில் ஆட்டு மூளை

மூளையின் நீரை நீக்கி உலர்த்தினால், எஞ்சுவதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. செம்மொழி நிறுவனம் அமைந்த பெரும்பாக்கத்தில் குடியிருக்கும் தமிழாசிரியனுக்கு 'நிணம்' என்ற சங்கச்சொல் உடனே நினைவுக்கு வரும். ஆனால் நிணம் ஊனின் கொழுப்பு. மூளையினுடையது வேறு வகை.

அந்த வேறுபாட்டைக் காட்டியவர் லண்டனில் மருத்துவராயிருந்த ஜெர்மானியர் துடிக்கும். (தமிழில் எழுதினால் பெயர் இப்படித்தான் அமைகிறது, என்ன செய்வது!) மூளையில் உள்ளது 'புரோட்டகான்' என்ற ஒற்றைப் பொருளே என்று அக்கால அறிஞர் பலர் நம்பினர். அது ஒரு கலவை என்றார் துடிக்கும். பிரித்தெடுத்தவற்றுள் ஒன்றுக்கு, அது போட்ட புதிர்களை எண்ணி, ஸ்பிங்க்ஸின் நினைவாக 'ஸ்பிங்கோசின்' எனப் பெயரிட்டார். 1884இல் அவரது நூல் வந்தபோது ஏளனமே மிகுதி. 1901இல் இறந்தார், அவர் சொன்னதே சரி என்பது பின்னர் உறுதியாயிற்று.

1957இல் ஃபோல்ச்சும் உடன் உழைத்தோரும் எளிய முறையொன்றை வெளியிட்டனர். திசுவை அரைத்து, குளோரோஃபார்மும் மெத்தனாலும் 2:1 அளவில் கலந்த கரைப்பானை இருபது மடங்கு சேர்த்து வடிகட்ட வேண்டும். வடிநீரில் ஐந்தில் ஒரு பங்கு நீரோ உப்புக்கரைசலோ சேர்த்தால் அது இரண்டு அடுக்காகப் பிரியும். கீழடுக்கில் கொழுப்பு, மேலடுக்கில் உப்பும் பிறவும். கேங்கிளியோசைடு என்ற மூளைக்கொழுப்பு மட்டும் பெரும்பாலும் மேலே போய்விடும். கவனிக்காமல் மேலடுக்கைக் கொட்டினால் அதுவும் போயிற்று.

அதே 1957இல்தான் கல்கத்தாக்காரரான பிமல் குமார் பச்சாவத் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே தொடங்கிய நரம்பு அறுவைத் துறையை ஒட்டி நரம்பு வேதியியல் ஆய்வகத்தை அமைத்தார். நோயாளியின் கட்டிலும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருந்தது தற்செயல் அன்று. அதுவே அவ்விடத்தின் பலம் என்பேன்.

நடக்கப் பழகிய குழந்தை மெல்ல நடையை இழக்கிறது. பின் பேச்சையும் இழக்கிறது. மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்ற அந்தப் பரம்பரை நோயில் கந்தகம் சேர்ந்த மூளைக்கொழுப்பான சல்ஃபடைடு சிதையாமல் நரம்பில் தேங்கி, நரம்புறையை அழிக்கிறது. அதைச் சிதைக்கும் அரில்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதியின் குறைபாட்டை ஆஸ்டின் குழுவினர் 1963இல் காட்டினர். தேங்கும் பொருள் முதலில் எப்படி உருவாகிறது? வேலூரில் பாலசுப்பிரமணியனும் பச்சாவத்தும் இக்கேள்வியை ஆட்டு மூளையிடம் கேட்டனர். கந்தகத்தை ஏற்றிவரும் மூலக்கூறொன்றிலிருந்து அது கொழுப்புக்கு மாறுவதை 1965இல் வெளியிட்டனர்.

பச்சாவத்துக்கு 1962இலேயே பட்நாகர் விருது கிடைத்திருந்தது. 1976இல் அவர் கல்கத்தா திரும்பினார். வேலூரில் அவர் கழித்த ஏறத்தாழ இருபதாண்டுகளைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல் வந்தால் முதலில் வாங்குபவன் நானாகவே இருப்பேன்.