திருத்தங்களும் அவற்றின் தடயங்களும்

ஆவணமொன்றை எழுதியவர் யார், பின்னர் திருத்தியவர் யார் என்பன வரலாற்று மாணவர் எழுப்பும் முதல் வினாக்களாகும். கணினிவழி ஆவணங்களுக்கும் இவை பொருந்தும். 2001 சனவரி 15ஆந் திகதி தொடங்கப்பெற்ற ஆங்கில விக்கிப்பீடியா இதற்குத் தக்க சான்றாகும்.

யாவரும் திருத்தக்கூடிய இக்கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்துடன் பதிவாகின்றது. பெயர் பதியாது திருத்தியோரின் இணைய முகவரி எண்ணும் அக்காலத்திற் பதிவாயிற்று. 2007 ஓகஸ்ற்றில் வேர்ஜில் கிரிஃபித் வெளியிட்ட விக்கிஸ்கானர் என்னும் கருவி, அவ்வெண்களை அவற்றுக்குரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டது. வாக்களிப்பு இயந்திரங்களை உற்பத்திசெய்த டீபோல்ட் நிறுவனத்தின் முகவரியிலிருந்து, அந்நிறுவனம் பற்றிய கண்டனப் பகுதிகள் 2005இல் நீக்கப்பட்டமை இதனால் வெளிப்பட்டது. எண் நிறுவனத்தைக் காட்டியதேயன்றி, நீக்கிய ஆளைக் காட்டவில்லை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும், பதிவேடும் அழியக்கூடியதே. தொடக்கத்தில் வழங்கிய யூஸ்மொட்விக்கி என்னும் மென்பொருள் பழைய வடிவங்களை நெடுங்காலம் பேணவில்லை. எனவே, முதன் மாதங்களின் திருத்தங்கள் பல மறைந்தனவென்றே கருதப்பட்டன. 2010 திசெம்பரில் மென்பொருளாளர் ரிம் ஸ்ரார்லிங் பழைய காப்புப் பிரதிகளிடையே அவற்றைக் கண்டெடுத்தார்.

பதிவேடு திரிபைத் தடுத்துவிடாது. திரிபு நிகழ்ந்தமைக்குச் சான்றாய் நிற்கும். அச்சான்றைப் பேணுதலும் வரலாற்றுப் பணியேயாம்.