பயிற்சி விடுதியிலிருந்து மெய்நிகர் அறைக்கு

ஹோட்டல் தொழிலை ஹோட்டலிலேயே கற்பிப்பதுதான் பழைய முறை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 1893இல் ஜாக் சூமி தொடங்கிய பள்ளியின் முதல் வகுப்புகள் ஒரு ஹோட்டலில்தான் நடந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1922இல் ஹோட்டல் நிர்வாகப் படிப்பைத் தொடங்கியது; விருந்தினர் தங்கும் பயிற்சி விடுதி 1950இல் வளாகத்திலேயே எழுந்தது. அங்கே மாணவரின் பிழை, காசு கொடுத்துத் தங்கியவர் தலையில் விடியும்.

அந்த ஆபத்தில்லாமல் பழக வழி தரும், கண்ணில் மாட்டும் மெய்நிகர் கருவி இத்துறைக்குள் முதலில் விளம்பரமாகவே நுழைந்தது. 2014இல் மாரியட் ஹோட்டல் குழுமம் அப்படித்தான் அதைக் காட்டியது. பயிற்சி பிறகு வந்தது. 2017இல் கேஎஃப்சி உணவகக் குழுமம் கோழித் துண்டைச் சோதிப்பது, அலசுவது, மாவில் புரட்டுவது, தட்டில் அடுக்குவது, அழுத்தத்தில் பொரிப்பது என 5 படிகளையும் கருவிக்குள் கொண்டுவந்தது. ஹில்டன் ஹோட்டல் குழுமமோ அலுவலக ஊழியர்களையே அக்கருவிக்குள் அறை சுத்தம் செய்ய வைத்தது. மேசையில் அமர்ந்து முடிவெடுப்பவருக்கு அந்த வேலையின் பாரம் தெரியவேண்டும். இக்கருவியின் மிக நேர்மையான பயன் இதுவே. எண்ணெயின் சூடும் மாவின் பதமும் அதில் கிட்டாததால் பயிற்சிச் சமையலறைகள் தொடர்கின்றன.