சிறுகாரும் தோட்டப் படத்தின் காலமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில் பத்து காவான், கலிடோனியா முதலிய தோட்டங்கள் தொடக்கத்தில் கரும்புத் தோட்டங்களாகவே இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. மலாயாச் சாலைகளில் மோட்டார் கார் பெருகியதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். பழைய தோட்டப் படங்களில் துரையின் கார் முன்னே நிற்கும். தமிழ்த் தொழிலாளர் அதன் பின்னே வரிசையாக நிற்பர். படத்தின் பின்புறத்தில் ஆண்டும் இராது, நின்றவர் பெயரும் இராது. காரையேனும் இன்னதென்று கண்டறிந்தால் படத்தின் காலத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளத்தக்கதன்று. மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலிமுறை 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஒரு படம் 1905-ஐச் சேர்ந்ததாயின், அதில் நிற்பவர் ஒப்பந்தக் கூலிகளாய் இருக்கக்கூடும். 1920-இல் எடுத்ததாயின், புதிதாய் வந்து சேர்ந்தவரை அவ்வாறு கொள்ள வழியில்லை.

பெரிய கார்களை அறிவது எளிது. ரோல்ஸ்-ராய்சின் முகப்பை அறியாதார் சிலரே. மயக்கம் தருவன எடை குறைந்த சிறுகார்கள். அவற்றைச் செய்தோர் பலர் எஞ்சினை வெளியில் வாங்கிப் பூட்டினர். பிரான்சின் தெ தியோன்-பூத்தோன் நிறுவனத்தாரின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் எத்தனையோ பெயர்களில் ஓடிற்று. 1898-இல் லூயி ரெனோ அமைத்த முதற் காரிலும் அதுவே இருந்தது. எஞ்சினில் பொறித்த பெயரைக் காரின் பெயராகக் கொள்வது, ஏடு எழுதியவன் பெயரை நூலாசிரியன் பெயராகக் கொள்வதை ஒக்கும்.

எண் பலகையும் ஏமாற்றும். சிங்கப்பூரில் முதன்முதல் கார் ஓட்டிய பெண்மணி எனப்படும் திருமதி டேரின் கார் 'எஸ்-1' என்னும் எண்ணைத் தாங்கியது. அதனால் அதுவே அந்நகரின் முதற் கார் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. பக்லி என்பார் 1896-லேயே ஒரு பென்ஸ் காரை அங்குக் கொணர்ந்துவிட்டார். டேரினுடையதோ ஆடம்ஸ்-ஹியூவிட், இங்கிலாந்தின் பெட்போர்டு நகரில் 1905 முதல் செய்யப்பட்டது. ஒற்றைச் சிலிண்டரும், மிதிகட்டைகளை அழுத்தியே வேகம் மாற்றும் அமைப்பும் உடையது. எண் ஒன்று என்பது பதிவேட்டில்தான் முதல். சாலையில் முதல் அன்று.

ஆகவே உறுப்புகளையே நோக்கவேண்டும். 1895-இல் லேயோன் பொல்லே செய்த முச்சக்கர வண்டியில் உடன்வருபவர் முன்னும் ஓட்டுபவர் பின்னும் அமர்வர். மோதினால் முன்னிருப்பவருக்கே முதல் அடி என்பதால் அவ்விருக்கையைப் பிரெஞ்சுக்காரர் 'மாமியார்க்கொல்லி' என்றனர். (நகைச்சுவை எல்லா நாட்டிலும் ஒன்றே போலும்.) 1910-இல் பாரிசில் தோன்றிய பெடேலியாவிலும் ஓட்டுபவர் பின்னேதான். ஆனால் அதற்குச் சக்கரம் நான்கு. பின்சக்கரங்களைத் தோல்வார் இழுக்கும். திருப்பும்போது முன்னச்சு முழுவதும், குதிரை வண்டியில்போல், நடுமுளையில் சுழலும். முன்னச்சு தெளிவாகத் தெரியும் படத்தில் பெடேலியாவைப் பிறிதொன்றாக மயங்க வேண்டியதில்லை.

இவ்வகைச் 'சைக்கிள்கார்'களுக்கு 1912 டிசம்பரில் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கழகங்களின் கூட்டமைப்பு வரையறை வகுத்தது. பெரிய பிரிவுக்கு எடை 350 கிலோவுக்கும், எஞ்சின் 1,100 கன சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது. 1922-இல் ஆஸ்டின் ஏழு வந்தபின் இக்கார்கள் விரைவில் மங்கின. பிரிட்டனில் 1930-இல் தோன்றிய பழங்கார்க் கழகம் இவ்வகை ஆய்வை ஓர் ஒழுங்கான துறையாகவே ஆக்கியது. வண்டியின் உறுப்புகளை ஆராய்ந்து அது செய்யப்பட்ட ஆண்டை வரையறுத்தல் அதன் பணிகளுள் ஒன்று.

இங்கே ஒரு வரம்பையும் மறத்தலாகாது. கார் காட்டுவது கீழெல்லை மட்டுமே. பெடேலியா நிற்கும் படம் 1910-க்கு முற்பட்டதன்று எனலாம். எவ்வளவு பிற்பட்டது என்று கார் சொல்லாது. பழைய காரைப் பல ஆண்டு ஓட்டியவர் உண்டு. கல்வெட்டில் பிற்காலச் சொல்லொன்று வந்தால் எப்படி முடிவு செய்வோமோ அப்படியே இதுவும். மேலெல்லையைப் பிறவற்றால் தேடவேண்டும்: பின்னே தெரிவது கரும்பா ரப்பரா, ரப்பராயின் இளங்கன்றா பால்வெட்டு மரமா, எண்பலகையில் பினாங்கின் 'பி' உண்டா என்றெல்லாம் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் தந்துள்ள பழைய செய்தித்தாள்களின் கார் விளம்பரங்களும் பெருந்துணையாகும்.

முன்சக்கரத்தின் குடமும் அச்சும் எண்பலகையும் பெரும்பாலும் படத்தின் ஓரத்திலேயே அமைகின்றன. கண்ணாடிச் சட்டத்தில் அடக்குவதற்காகப் படத்தைக் கத்தரிப்போர் முதலில் வெட்டி எறிவதும் அவற்றையே.